செகண்ட்ஸ் பூனையும் மூன்று சர்க்கரைகளும்

பூனைக்கு இனிப்பு தெரியாது. அதன் நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பு வேலை செய்வதில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதிவிட்டுத்தான் நீங்கள் தொழிலுக்கு வந்திருப்பீர்கள். ஆனால் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, "எங்க பூனைக்கு ஸ்வீட்டுன்னா உசுருங்க" என்று சொல்லும் நேரத்தில் அந்தப் பாடம் நினைவுக்கு வர வேண்டும். எனக்கு நேரத்தில் வரவில்லை. வந்த பிறகும் ஒரு பூனை சாகப் பார்த்தது.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி. அரசுப் பணியில் சேர்ந்து இந்தப் பகுதிக்கு வந்தேன். ஊத்துக்குளி, குன்னத்தூர் என்று இருபது ஆண்டுகள் எருமைகளோடு போயின. பிறகு வேலையை விட்டுவிட்டு, பெருமாநல்லூர் சாலையில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்தேன். எருமை வளர்ப்பவரிடம் தீவனம் என்ன என்று கேட்டால் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று பிசகில்லாமல் சொல்வார். பூனை வளர்ப்பவரிடம் கேட்டால், "அதென்னுங்க திங்குது, ஒண்ணுமே திங்கறதில்லீங்க" என்பார். மேசைமேல் இருக்கும் பூனை ஏழு கிலோ இருக்கும்.

சரோஜா கொண்டுவந்த பூனை ஏழு கிலோ இருநூறு கிராம்.

சரோஜா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் குன்னத்தூர். ஏற்றுமதிக்கு வைத்திருந்த அட்டைப் பெட்டி ஒன்றில் காற்றுக்கு நான்கு ஓட்டை போட்டு, அதற்குள் பூனையை வைத்து, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சு நிறக் கடுவன், குடும்பக்கட்டுப்பாடு செய்தது. வால் நுனியில் ஒரு மடிப்பு. குட்டியாக இருந்தபோது, தையலில் குறை இருப்பதால் கழித்துப்போட்ட டீசர்ட் மூட்டைக்குள் கிடந்ததாம். அந்தச் சரக்கை இங்கே செகண்ட்ஸ் என்பார்கள். வாலும் அப்படி இருக்கவே, பூனைக்கும் செகண்ட்ஸ் என்றே பெயர் ஆகிவிட்டது.

செக்கிங்கில் இருப்பவர்களிடம் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு சுருள் எப்போதும் இருக்கும். துணியில் குறை எங்கே இருக்கிறதோ அதைக் காட்டும்படி அம்பை ஒட்டிவிட்டு, உருப்படியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அன்று சரோஜாவின் சட்டைக் கையில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது. பூனையின் முதுகில் இன்னொன்று.

"யாருங்க ஒட்டுனது?" என்று கேட்டேன்.

"ஆரோ வெளையாட்டுக்கு ஒட்டுனதுங்க. ஆனா மெய்யாலுமே டிஃபெக்ட் வந்துருச்சுங்க டாக்டரம்மா. கொடங்கொடமாத் தண்ணி குடிக்குது. குடிச்சுப்போட்டு பேக்கிங் பக்கம் போயி ஒண்ணுக்குப் போகுது. அது போன எடத்துல எறும்புங்க. சாரை சாரையா கார்டன் மேல ஏறுது."

கார்டன் என்றால் ஏற்றுமதிப் பெட்டி. மூன்று வாரத்தில் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் சரக்கைச் சோதிக்க வருவதாக இருந்தது. பெட்டிக்குள் ஒரு எறும்பு கிடைத்தாலும் மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். முதலாளி சண்முகம் பூனையை வெறுப்பவர் அல்லர். எலிக்காகத்தான் அதை வைத்திருந்தார். ஆனால் எலி கடித்த துணிக்குச் சொல்லச் சமாதானம் உண்டு, எறும்பு ஏறிய பெட்டிக்கு இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்குள் எறும்பு நிற்காவிட்டால் பூனையைக் கோணியில் கட்டி ஊத்துக்குளிக்கு அந்தப்புறம் எங்காவது விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"இத வெளிய உட்டா ஒரு நாள் தாங்காதுங்க. ஃபேனுக்கடியிலயே வளந்தது" என்றார் சரோஜா.

ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தேன். மிக அதிகம். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பெட்டிக்குள் ஸ்கூட்டியில் வந்த எந்தப் பூனைக்கும் பயத்திலேயே சர்க்கரை ஏறும். எனக்கு உறுதி தந்தது எறும்புதான். பூனை பயந்திருக்கிறதா இல்லையா என்பது எறும்புக்குத் தெரியாது. சிறுநீரையும் சோதித்த பிறகு சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை.

"சர்க்கரை நோய்" என்றேன்.

"பூனைக்குமா சக்கரை வருது?" சரோஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எங்க மாமியாளுக்கு வந்து பன்னண்டு வருசமாச்சுங்க. அவியளுக்கும் வால் இருந்திருந்தா இதே மாதிரி ஆட்டீட்டுத்தான் உக்காந்திருப்பாங்க."

அப்போது அந்தக் கேள்வியைக் கேட்டேன். "சரோஜா, பூனைக்கு சர்க்கரை ஏதாவது கொடுக்கிறீங்களா?"

"ஐயோ, சக்கரையா? கண்ணுலயே காட்டறதில்லீங்க."

சீட்டில் 'சர்க்கரை கொடுப்பதில்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் ஊசியை யார் போடுவது என்பது பெரிய கேள்வியாக இருக்கும் என்று நினைத்தேன். மாமியாருக்கு தினமும் போடும் கை என்பதால் சரோஜாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும் என்றதும், "ஒண்ணரை ஷிப்டுங்க, எட்டரைக்கு உள்ள போனா எட்டரைக்குத்தான் வெளிய வருவன்" என்றார். ஒரு நோயின் அட்டவணை ஒரு ஊரின் வேலை நேரத்தோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூனை சரோஜாவின் வீட்டுக்குப் போகும் என்று ஏற்பாடு.

பத்து நாள் கழித்துப் பார்த்தேன். சர்க்கரை இறங்கவில்லை. இனிப்பு கொடுப்பதில்லை என்று என் சீட்டிலேயே கோடு போட்டு இருக்கிறதே! ஆகவே மருந்து போதவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டினேன். ஐந்து நாளில் மறுபடியும் கூட்டினேன். மருந்து வேலை செய்யாதபோது மருந்தைக் கூட்டுவதுதான் மிகச் சுலபமான காரியம். நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

என்னை எழுப்பியது சண்முகத்தின் தொலைபேசி அழைப்பு.

"டாக்டரம்மா, வணக்கமுங்க. பூனைக்கு வைத்தியம் பாக்கறது புண்ணியந்தானுங்க. ஆனா என்ற கார்டனுக்கு ஆருங்க வைத்தியம் பாக்கறது?"

"எறும்பு இன்னும் வருதுங்களா?"

"வருதான்னு கேக்கறீங்க. அதுங்க ரேசன் கார்டே வாங்கீரும் போல இருக்குதுங்க. வர்ற செவ்வாக்கெழம இன்ஸ்பெக்‌ஷன். அதுக்குள்ளார ஒண்ணு எறும்பு போகோணும், இல்லீன்னா பூனை போகோணும். நீங்களே எதுன்னு சொல்லிப்போடுங்க."

சனிக்கிழமை காலை பதினொன்றுக்குச் சற்று முன்பாகக் கம்பெனிக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் சுத்தம் செய்துவிட்ட இடத்தைத்தான் பார்க்க முடியும்.

பதினொன்றுக்கு டீ டைம் மணி. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே செகண்ட்ஸ் துணி ரோல்களின் மேலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, செக்கிங் மேசைக்கடியில் போய் உட்கார்ந்தது. மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. நான் சிறு நோட்டை எடுத்துக்கொண்டு பூனைக்குப் பின்னால் நடந்தேன்.

முதல் நிறுத்தம் சரோஜா. ஒரு டப்பா மூடியில் பால். இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளையாக ஒரு ஸ்பூன் எடுத்து அதில் போட்டுக் கலக்கினார்.

"சரோஜா, அது என்ன?"

"பாலுங்க."

"அதுல போட்டது?"

"அஸ்காங்க. அது இல்லீன்னா மூஞ்சியத் திருப்பிக்குமுங்க."

"சர்க்கரையே கொடுக்கறதில்லைன்னு சொன்னீங்களே!"

சரோஜா என்னை விநோதமாகப் பார்த்தார். "இது சக்கரை இல்லீங்களே டாக்டரம்மா. அஸ்கா. சக்கரைன்னா பழுப்பா இருக்குமே, நாட்டுச் சக்கரை, அது. அது சூடுங்க. பூனைக்கு ஆகாதுன்னு அத நான் குடுக்கறதே இல்லீங்க."

அவர் பொய் சொல்லியிருக்கவில்லை; வெள்ளைச் சர்க்கரைக்கு இங்கே அஸ்கா என்றுதான் பெயர். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊர்க் கடைகளில் "சர்க்கரை ஒரு கிலோ" என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரர், "நாட்டுங்களா, அஸ்காங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். பொட்டலம் கட்டுபவர் தவறாமல் கேட்ட கேள்வியை, மருந்து எழுதும் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

செகண்ட்ஸ் இரண்டாவது நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தது. கட்டிங் மாஸ்டர் பாண்டி, திருமங்கலத்துக்காரர், பட்டர் பன்னைப் பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாண்டி, நீங்களுமா?"

"நான் சீனியெல்லாம் கொடுக்க மாட்டேம்மா. வெறும் பன்னு. வெண்ணெய்கூட ஊத்துக்குளி வெண்ணெய்தான், சுத்தமானது."

மூன்றாவது நிறுத்தம் அயர்ன் டேபிள். பீகாரிலிருந்து வந்த ரமேஷ் தன் டீயில் பாதியை மூடியில் ஊற்றி ஆறவைத்துக் காத்திருந்தார். அதற்கப்புறம் பேக்கிங்கில் ஒரு துண்டு வர்க்கி ரொட்டி, வாசலில் வாட்ச்மேனிடம் பிஸ்கெட். பன்னிரண்டு நிமிடத்தில் ஐந்து இடம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுப்பதாகவும், அதுவும் ஒரு வாய்தான் என்றும் சொன்னார்கள். எல்லாம் உண்மை. மாலை டீக்கும் இதே சுற்று உண்டு.

அப்போதுதான் கல்லூரிப் பாடம் நினைவுக்கு வந்தது. சரோஜாவிடம் மூன்று மூடி கேட்டேன். ஒன்றில் அஸ்கா போட்ட பால், ஒன்றில் போடாத பால், மூன்றாவதில் பால் இல்லாமல் அஸ்கா கரைத்த தண்ணீர் மட்டும். வரிசையாக வைத்தேன். கம்பெனியே சுற்றி நின்றது.

செகண்ட்ஸ் பக்கத்தில் இருந்ததை முதலில் காலி செய்தது. அது அஸ்கா போடாத பால். அடுத்து அஸ்கா போட்டதையும் அதே வேகத்தில் காலி செய்தது. மூன்றாவது மூடியை ஒருமுறை முகர்ந்தது. பின் முன்னங்காலை உதறியது, சேற்றில் மிதித்துவிட்டதுபோல. திரும்பிப் போய்விட்டது.

"அதுக்கு இனிப்பே தெரியாது. உங்க பாலையும் வெண்ணெயையும் தேடித்தான் வருது. இனிப்பு கூடவே உள்ள போகுது" என்றேன்.

சரோஜா கையிலிருந்த ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா ஸ்பூன் ஸ்பூனாப் போட்டது?" என்றார் சரோஜா.

"உங்க மனசுக்குப் போட்டது."

பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, ஒண்ணும் தெரியாமத்தான் அம்புட்டு ரசிச்சுத் தின்னியாடா?"

ஒன்று சொல்ல வேண்டும். இனிப்பு தின்றதால் சர்க்கரை நோய் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கடுவன், உடல் கனத்தது, ஓடியாடாமல் விசிறிக்கடியில் கிடப்பது, இறைச்சி தின்ன வேண்டிய வயிற்றுக்கு பன்னும் வர்க்கியும் பிஸ்கெட்டும் போவது, இத்தனையும் சேர்ந்த கணக்கு அது. அஸ்கா அதில் ஒரு பங்கு. ஆனால் நிறுத்துவதற்கு எளிதான பங்கு.

அங்கேயே ஓர் அட்டையை வெட்டி அறிவிப்பு எழுதினோம். 'பூனைக்கு சர்க்கரை கொடுக்காதீர்' என்று நான் எழுதினேன். சரோஜா மார்க்கரை வாங்கி, 'அஸ்காவும்' என்று சேர்த்தார். "எங்க ஆளுக ரெண்டையும் படிச்சுட்டு சீனி போடுவாய்ங்கம்மா" என்று பாண்டி 'சீனியும்' என்று எழுதினார். எழுதிக்கொண்டே சத்தமாகப் படிக்க, தமிழ் எழுத்து தெரியாத ரமேஷ் அயர்ன் டேபிளிலிருந்து நிமிர்ந்தார்.

"சீனி? சீனி என்னா அண்ணா?"

இந்தியிலும் அது சீனிதான். திருமங்கலமும் பீகாரும் அந்த ஒரு சொல்லில் சந்தித்துக்கொண்டன. பாண்டி பூனையைக் காட்டி, "சீனி பந்த்!" என்றார். "அச்சா, சீனி பந்த்" என்று ரமேஷ் தலையாட்டினார். அதன் கீழே பன், வர்க்கி, டீ, பிஸ்கெட் எல்லாம் வரிசையாக ஏறின. இனிமேல் வேகவைத்த கோழிதான், அதுவும் சரோஜா கையால் மட்டும். ஊசியைப் பற்றிச் சரோஜா கேட்டார். இப்போதிருக்கும் அளவையே போடுங்கள், திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றேன்.

இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. நான் கூட்டி வைத்திருந்த மருந்து, ஐந்து இடத்துத் தீனிக்கு எதிராகக் கூட்டியது. தீனி நின்றுவிட்டது. மருந்து நிற்கவில்லை. சுமையை இறக்கிவிட்ட வண்டியை அதே விசையோடு தள்ளினால் என்ன ஆகும்? உணவை மாற்றினால் அன்றைக்கே அளவைக் குறைத்திருக்க வேண்டும். எறும்பு வரும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

திங்கட்கிழமை சரோஜா அழைத்தார். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன், வேலை தலைக்குமேல் இருக்கிறது, செவ்வாய் சாயங்காலம் வரட்டுமா என்றார். எறும்பு வரவில்லை என்றும் சொன்னார். எறும்பு வரவில்லை என்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. சிறுநீரில் இல்லை என்றால் ரத்தத்தில் எவ்வளவு என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். "நல்லதாப் போச்சு, நாளைக்கே வாங்க" என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. கிளினிக்கில் ஒரு நாய்க்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சரோஜாவின் அழைப்பு. பின்னால் மெஷின் இரைச்சல்.

"டாக்டரம்மா, செகண்ட்ஸு உழுந்து கெடக்குதுங்க. மேசைக்கடியில. காலு வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு, சாமி, எந்திரி கண்ணு..."

நாயை உதவியாளரிடம் விட்டுவிட்டு, "சரோஜா, சர்க்கரை! சர்க்கரையைத் தண்ணில கரைச்சு ஈறுல தடவுங்க!" என்று கத்தினேன்.

"சக்கரையெல்லாம் நிறுத்திப்போட்டமுங்க! ஒரு துளி குடுக்கலீங்க!"

"நிறுத்தினது போதும், இப்ப கொடுங்க!"

"என்னுங்க?"

"அஸ்கா! அஸ்கா கொடுங்க!"

சரோஜாவின் குரல் தாழ்ந்து வந்தது. "டாக்டரம்மா, சக்கரை வியாதிக்கு அஸ்கா குடுக்கச் சொல்றீங்களே. போர்டுல நீங்கதானுங்க எழுதுனீங்க."

அவர் தயங்கியது சரியான தயக்கம். மூன்று நாளுக்கு முன் நான் எழுதி மாட்டியதற்கு அவர் கட்டுப்பட்டு நின்றார். தடை எழுதும்போது அதை எப்போது மீற வேண்டும் என்பதையும் நான் எழுதவில்லை. அவருடைய மாமியார் நினைவுக்கு வர, அவரை வைத்தே கேட்டேன்.

"சரோஜா, உங்க மாமியாருக்கு ஊசி போட்டு, சாப்பிடாம விட்டா என்ன ஆகும்?"

"மயக்கம் வந்து..." என்றவர் நிறுத்தினார். அடுத்த நொடி போனைப் பொத்தாமலே கத்தினார். "அஸ்கா கொண்டாங்க! வெரசா அஸ்கா!"

அஸ்கா இல்லை. டப்பாவைச் சனிக்கிழமையே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டிருந்தார் அவர். டீயும் கடையிலிருந்து சர்க்கரை போட்டே வரும், அதுவும் பதினொன்றுக்குத்தான். வடக்கத்திப் பையன்கள் நிறைந்த அயர்ன் பக்கம் 'அஸ்கா' என்ற சொல் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பாண்டியின் குரல் மேலெழுந்தது.

"சீனிடா! சீனி இருக்கா யார்ட்டயாச்சும்? சீனி!"

"சீனி இருக்கு அண்ணா! சீனி!"

ரமேஷ். மத்தியானத்துக்குச் சத்துமாவு கரைத்துக் குடிக்கத் தன் பையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். தடதடவென்று ஓடிவரும் செருப்புச் சத்தம் எனக்குப் போனில் கேட்டது. உள்ளங்கையில் கரைத்து, விரலால் ஈறில் தடவச் சொன்னேன். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், மூச்சில் ஏறிவிடும் என்றேன். சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பச் சாவியைத் தேடினேன். பின்னணியில் இன்னொரு குரல்.

"பாண்டி, அந்தக் கார்டன அக்கட்டத் தள்ளுப்பா. பூனைக்குக் காத்து வரட்டும்."

அது சண்முகம். இன்ஸ்பெக்‌ஷன் ஆட்கள் உள்ளே நிற்க, சோதனைக்கு அடுக்கி வைத்த பெட்டிகளைத் தள்ளச் சொன்னது அவர்தான்.

நான் போய்ச் சேர ஏழு நிமிடம் ஆனது. செகண்ட்ஸ் தலையைத் தூக்கியிருந்தது. ரமேஷின் விரலை நக்கிக்கொண்டிருந்தது. இனிப்புக்காக அல்ல, விரலில் ஈரம் இருந்தது. சரோஜா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டும் பூனையைத் திட்டிக்கொண்டும் இருந்தார். கொஞ்சம் கோழியைக் கொடுத்துவிட்டு, அதே ஓட்டைப் பெட்டியில் வைத்து கிளினிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏற்றி, மணிக்கொரு தரம் பார்த்தேன். பாண்டியிடமும் சரோஜாவிடமும் மறைக்காமல் சொன்னேன். "தப்பு என்மேல. அளவைக் குறைச்சிருக்கணும்." பாண்டி, "விடுங்கம்மா, துணியில நானும் தப்பா வெட்டியிருக்கேன்" என்றார். "ஆனா நான் வெட்டுனா ரோலுதான் போகும்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குத் தேவையாக இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்களில் மூத்தவர் ஒரு சென்னைப் பெண். பெட்டிகளில் ஓர் எறும்பும் இல்லை. போகும்போது சுவரிலிருந்த அட்டையைப் படித்துவிட்டு, "ஏன் சார், ஒரே விஷயத்தை மூணு தடவை எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாராம். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஆனா மூணு பேருக்குங்க" என்றாராம் சண்முகம்.

அன்றைக்கே அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். பிறகு இரண்டு நாளுக்கொரு முறை நானே கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன். உணவு சரியானால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வரும். செகண்ட்ஸுக்கு வந்தது. இரண்டு மாதத்தில் ஊசியை நிறுத்தினோம். எடை ஐந்தரை கிலோவுக்கு இறங்கியது. பழையபடி எலியும் பிடித்தது. ஆனாலும் மாதம் ஒருமுறை கொண்டுவரச் சொன்னேன், திரும்பி வரக்கூடியதுதான் இது. "கோணியெல்லாம் வேற வேலைக்கு வெச்சிருக்குதுங்க" என்று சண்முகம் சொல்லியனுப்பினார். சுவரில் அட்டை அப்படியே இருந்தது. அடியில் பாண்டியின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'விழுந்து கிடந்தால் மட்டும் சீனி. ரமேஷ் பையில் இருக்கும்.'

ஊசியை நிறுத்திய அன்று சரோஜா பூனையோடு, நான் முதல் நாள் எழுதிக்கொடுத்த சீட்டையும் கொண்டுவந்தார். நான்காக மடித்து வைத்திருந்தார். விரித்து மேசைமேல் வைத்தார்.

"செக்கிங் பண்ணிப் பாத்தனுங்க டாக்டரம்மா."

'சர்க்கரை கொடுப்பதில்லை' என்று நான் எழுதிக் கோடு போட்டிருந்த இடத்தில், முதல் சொல்லைக் குறிபார்த்தபடி ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

பின்னாளில் கிளினிக்கை ஒரேயடியாக மூடியபோது வேறெல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அந்தச் சீட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்பின் பசை இன்னும் விடவில்லை. நல்ல ஸ்டிக்கர்.